ஆங்கில வாக்கியத்தில் இடம் மாறி நிற்கும் அடையைக் கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"கிளைம்பிங் த ஸ்டெப்ஸ், த மங்கீஸ் ஸ்னாட்ச்ட் மை பனானாஸ்."

பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்ததைப் பற்றி, கோலாலம்பூர் செந்தூலில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் படிவம் 5 மாணவி ஒருத்தி எழுதிய வாக்கியம் இது. எழுத்துப்பிழை இல்லை, காலம் சரி, காற்புள்ளிகூட சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் வாக்கியத்தின்படி அந்த 272 படிகளையும் ஏறியது குரங்குகள்தாம். சிவப்புப் பேனாவால் கோடு போட்டதும் அவளுக்குக் கோபம். "நான் ஏறும்போதுதானே டீச்சர் பிடுங்கிச்சு? அதைத்தானே எழுதியிருக்கேன்?"

தமிழில் அவள் சொன்னது சரி. "படி ஏறும்போது குரங்குகள் பழத்தைப் பிடுங்கின" என்றால் யார் ஏறினார்கள் என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தமிழில் உருபும் விகுதியும் சொல்லை உரிய இடத்தில் கட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்தக் கயிறு மிகக் குறைவு. ஒரு சொல் எதைச் சொல்கிறது என்பதைப் பெரும்பாலும் அது யார் பக்கத்தில் நிற்கிறது என்பதே முடிவு செய்கிறது. இதை மறந்தால்தான் குரங்கு படி ஏறுகிறது.

இன்னொரு சொல்லுக்கு விவரம் சேர்க்கும் சொல்லையோ தொடரையோ இங்கே "அடை" என்று சொல்கிறேன். அடைமொழியில் வரும் அடை, தோசைக்கல்லில் வார்ப்பது அல்ல. ஆங்கில இலக்கணத்தில் அதன் பெயர் மாடிஃபையர். தவறான சொல்லின் பக்கத்தில் போய் நின்றால் மிஸ்பிளேஸ்ட் மாடிஃபையர். அது சொல்லவேண்டிய ஆளே வாக்கியத்தில் இல்லாமல் அந்தரத்தில் நின்றால் டேங்லிங் மாடிஃபையர்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிப் போய்விடும் பிழையைக் காது பிடித்துக்கொள்ளும்.

1. உட்காரும் முன் வேண்டியவை

நீங்களே எழுதிய ஒரு பக்கம், ஒரு பென்சில், நடுவில் ஓர் இரவு. இந்த மூன்றில் இரவுதான் முக்கியம். எழுதிய கையோடு திருத்த உட்கார்ந்தால், தாளில் இருப்பதைப் படிக்கமாட்டீர்கள். மனதில் இருப்பதைத்தான் படிப்பீர்கள். படி ஏறியது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் தாளிலும் அப்படியே இருப்பதாகத் தோன்றும்.

கணினியில் எழுதுபவர்கள் சிவப்புக்கோடு வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்தப் பிழையில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே சரிதான். இடம்தான் தப்பு. மென்பொருள் அதைப் பல சமயம் விட்டுவிடும்.

ஒரு வாக்கியத்தில் எழுவாய் எது, வினை எது என்று காட்டத் தெரிந்திருக்கவேண்டும். அதில் தடுமாற்றம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். அது தெரியாமல் கீழே உள்ள எந்தப் படியும் வேலை செய்யாது.

2. முதலில் எழுவாய்க்கும் வினைக்கும் கோடு

புதியவர்கள் எடுத்தவுடன் அடையைத் தேடப் போகிறார்கள். அது தலைகீழ் வேலை. முதலில் முதன்மை எழுவாயின் அடியில் ஒரு கோடு, அதன் வினையின் அடியில் இன்னொரு கோடு போடுங்கள். குரங்கு வாக்கியத்தில் "மங்கீஸ்", "ஸ்னாட்ச்ட்".

எலும்புக்கூடு தெரிந்துவிட்டால், மிச்சம் இருப்பவற்றில் எது சதை, எது வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பது என்று தானாகத் தெரியும்.

"கிளைம்பிங்" என்பதை வினை என்று நினைத்துக் கோடு போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. முன்னால் "ஆம்", "ஈஸ்", "வாஸ்" போன்ற துணை இல்லாமல் "இங்" மட்டும் வந்தால் அது முற்றுவினை ஆகாது.

3. அடையை வட்டமிட்டு அம்பு போடுங்கள்

இப்போது மிச்சமிருக்கும் தொடர்களை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திடமும் "யாரை? எதை?" என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த பதிலை நோக்கி ஓர் அம்பு வரையுங்கள்.

அம்பு பக்கத்துச் சொல்லிலேயே முடிந்தால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். நடுவில் இன்னொரு பெயர்ச்சொல்லைத் தாண்டிப் போனால் அடை இடம் மாறியிருக்கிறது. அம்புக்குப் போய்ச் சேர இடமே கிடைக்காவிட்டால் அது தொங்குகிறது. குரங்கு வாக்கியத்தில் அம்பு "ஐ" என்ற சொல்லைத் தேடுகிறது. அந்தச் சொல் வாக்கியத்தில் எங்குமே இல்லை. "மை" இருக்கிறதே என்பார்கள் மாணவர்கள். "மை" பழத்தின் சொந்தக்காரரைத்தான் காட்டும். அது படி ஏறாது.

அம்பை மனதுக்குள் வரைந்துகொள்கிறேன் என்று சொல்லாதீர்கள். மனதுக்குள் போடும் அம்பு எப்போதும் சரியான இடத்துக்கே போய்ச் சேரும். பென்சிலால்தான் போடவேண்டும்.

4. வாக்கியத்தின் தலையில் நிற்கும் அடை

நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான். அதனால் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

விதி சின்னது. "இங்" தொடர் வாக்கியத்தின் தலையில் வந்து காற்புள்ளியில் முடிந்தால், காற்புள்ளியைத் தாண்டி முதலில் வரும் எழுவாய்தான் அந்தச் செயலைச் செய்தவர். வேறு யாரையும் ஆங்கிலம் தேடிப் போகாது.

விதியைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எழுதும்போது மறந்துவிடுகிறார்கள். ஏன் என்று பல நாள் யோசித்தேன். "இங்" என்றதும் அவர்கள் மனதில் ஓடுவது "ஏறும்போது". இந்த "போது" தாராளமானது. "நான் ஏறும்போது குரங்கு பிடுங்கியது" என்று இரண்டு பேர் இரண்டு வேலை செய்ய இடம் கொடுக்கும். ஆங்கில "இங்" அப்படியல்ல. அதற்குத் தமிழில் சரியான சோடி "ஏறிக்கொண்டே". "கொண்டே" வந்தால் இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் செய்யவேண்டும்.

அதனால் சோதனை இதுதான். உங்கள் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "போது" போடாமல் "கொண்டே" போடுங்கள்.

"படி ஏறிக்கொண்டே குரங்குகள் என் வாழைப்பழத்தைப் பிடுங்கின." குரங்குதான் ஏறுகிறது. பிழை.

"வாக்கிங் அரவுண்ட் த பாசார் மாலாம், மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்." பாசார் மாலாமை, அதாவது இரவுச் சந்தையை, சுற்றி நடந்துகொண்டே என் பர்ஸ் திருடுபோனது. பர்ஸுக்குக் கால் முளைத்துவிட்டது. பிழை.

ஒரு வேலை முடிந்து அடுத்தது நடந்தால் "கொண்டே"க்குப் பதில் "விட்டு" போடுங்கள். "ஹேவிங் ஈட்டன் டின்னர், த பிளேட்ஸ் வேர் வாஷ்ட்." இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டுகள் கழுவப்பட்டன. சாப்பிட்டது தட்டு.

வெறும் வினையெச்சத்தை, அதாவது "ஏறி", "நடந்து" என்பதை, நான் சோதனைக்குப் பயன்படுத்துவதில்லை. காரணம், அது சில இடங்களில் காலை வாரிவிடும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பது நல்ல தமிழ்தான். பெய்தது மழை, நிறைந்தது குளம். காரணமும் விளைவுமாக வந்தால் வினையெச்சம் இரண்டு எழுவாயை ஏற்றுக்கொள்ளும். "கொண்டே"யும் "விட்டு"ம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

"இங்" இல்லாமலும் இந்தப் பிழை வரும். இரண்டு வகையை மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று வயது: "அட் த ஏஜ் ஆஃப் ஃபைவ், மை ஃபாதர் டுக் மீ டு பினாங்." தமிழில் "ஐந்து வயதில் அப்பா என்னைப் பினாங்குக்குக் கூட்டிப் போனார்" என்றால் ஐந்து வயது எனக்குத்தான். ஆங்கிலத்தில் அப்பாவுக்கு ஐந்து வயது.

இன்னொன்று வேலை விண்ணப்பத்தில் வரும் "ஆஸ்": "ஆஸ் எ ஹார்ட்வொர்க்கிங் பெர்சன், யுவர் கம்பெனி வில் பெனிஃபிட் ஃப்ரம் மை சர்வீஸ்." கடுமையாக உழைக்கும் ஆள் என்று இங்கே பெயர் வாங்கியது கம்பெனி. விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இது இருந்தால் படிப்பவருக்கு என்ன தோன்றும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

5. தலையடையைத் திருத்த மூன்று வழி

எது சுலபமோ அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வழி, அடையை விரித்து அதற்கென்று ஓர் எழுவாய் கொடுப்பது. "வைல் ஐ வாஸ் கிளைம்பிங் த ஸ்டெப்ஸ், த மங்கீஸ் ஸ்னாட்ச்ட் மை பனானாஸ்." "வென் ஐ வாஸ் ஃபைவ், மை ஃபாதர் டுக் மீ டு பினாங்." தமிழ் "போது"க்கு உண்மையான சோடி இதுதான். பாதுகாப்பான வழி என்பதால் தேர்வில் நான் இதையே பயன்படுத்தச் சொல்வேன்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. "வைல்" சேர்த்தால் போதும் என்று "வைல் கிளைம்பிங் த ஸ்டெப்ஸ், த மங்கீஸ்…" என்று எழுதிவிடுவார்கள். எதுவும் மாறவில்லை. குரங்கு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வேலை செய்வது "வைல்" அல்ல, அதன் பின்னால் வரும் "ஐ".

இரண்டாம் வழி, அடையைத் தொடாமல், உண்மையில் அந்தச் செயலைச் செய்தவரைக் காற்புள்ளிக்குப் பின்னால் கொண்டுவருவது. "ஆஸ் எ ஹார்ட்வொர்க்கிங் பெர்சன், ஐ கேன் ஹெல்ப் யுவர் கம்பெனி." "ஹேவிங் ஈட்டன் டின்னர், வீ வாஷ்ட் த பிளேட்ஸ்." தட்டு வாக்கியம் கெட்டதற்குக் காரணம் செயப்பாட்டுவினை. அது செய்தவரை மறைத்துவிடும். அடைக்கு ஆள் கிடைக்காமல் போகும். தலையில் "இங்" இருந்து உள்ளே "வாஸ்", "வேர்" சேர்ந்த செயப்பாட்டுவினையும் இருந்தால், அந்த வாக்கியத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் வழி, இரண்டு வாக்கியமாக வெட்டிவிடுவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. வாலில் வந்து ஒட்டும் அடை

இது என் சொந்தக் கதை. பல வருடங்களுக்கு முன் குடியிருப்போர் சங்கம் ஒன்றுக்காக, பொங்கல் விருந்தைப் பற்றிய அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "வீ சர்வ்ட் ரைஸ் டு த கெஸ்ட்ஸ் ஆன் பனானா லீவ்ஸ்." அச்சாகி எல்லா வீட்டுக்கும் போனபிறகு பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்: "ஏம்மா, விருந்தாளிகளை எல்லாம் இலையிலே உட்கார வச்சிட்டியா?"

"ஆன்", "இன்", "வித்" என்று தொடங்கும் தொடர் பெரும்பாலும் தனக்கு முன்னால் நிற்கும் பெயரில் போய் ஒட்டிக்கொள்ளும். "இலையில்" என்பதற்குத் தமிழில் உருபு இருந்தாலும் நாம் அதைச் "சோறு", "பரிமாறினோம்" என்பவற்றின் பக்கத்தில்தான் வைப்போம். ஆங்கிலம் எழுதும்போது ஞாபகம் வந்த விவரத்தையெல்லாம் கடைசியில் கொண்டுபோய்ப் போடுகிறோம்.

திருத்தம்: "வீ சர்வ்ட் த கெஸ்ட்ஸ் ரைஸ் ஆன் பனானா லீவ்ஸ்." ஒரே ஒரு இடமாற்றம். சோறு இலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"விச்", "தட்", "ஹூ" என்று தொடங்கும் தொடர்களும் இப்படித்தான். "மை அங்கிள் சோல்ட் எ மோட்டர்பைக் டு எ நெய்பர் தட் ஹேட் நோ பிரேக்ஸ்." பிரேக் இல்லாதது பக்கத்து வீட்டுக்காரருக்கு. தமிழில் "பிரேக் இல்லாத மோட்டாரை" என்று அடை முன்னால் வந்துவிடுவதால் இந்தக் குழப்பமே இல்லை.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலாய் கைகொடுக்கும். மலாய் "யாங்" ஆங்கில "தட்" போன்ற சொல். "மோத்தோசிக்கல் யாங்…" என்று "யாங்"கை மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால்தான் வைப்பார்களே தவிர, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பின்னால் வைக்கமாட்டார்கள். "யாங்" வரும் இடத்தில் "தட்" வையுங்கள் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். "மை அங்கிள் சோல்ட் எ நெய்பர் எ மோட்டர்பைக் தட் ஹேட் நோ பிரேக்ஸ்."

7. "ஒன்லி", "ஆல்மோஸ்ட்"

தமிழில் "மட்டும்", "தான்" இரண்டும் தாங்கள் சொல்லவந்த சொல்லின் வாலில் ஒட்டும். "ஒன்லி" பொதுவாகத் தான் சொல்லவந்த சொல்லுக்கு முன்னால் நிற்கும். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே வாக்கியத்தில் நகர்த்திப் பாருங்கள்.

"ஒன்லி மை ஃபாதர் கேவ் மை பிரதர் டென் ரிங்கிட்." அப்பா மட்டும்தான் கொடுத்தார், வேறு யாரும் கொடுக்கவில்லை.

"மை ஃபாதர் கேவ் ஒன்லி மை பிரதர் டென் ரிங்கிட்." தம்பிக்கு மட்டும்தான். எனக்கு இல்லை.

"மை ஃபாதர் கேவ் மை பிரதர் ஒன்லி டென் ரிங்கிட்." பத்து வெள்ளிதான் கொடுத்தார்.

"மை ஒன்லி பிரதர்" என்றால் கதையே வேறு. எனக்கு ஒரே தம்பி.

எனவே முதலில் தமிழில் "மட்டும்" எந்தச் சொல்லில் ஒட்டுகிறது என்று பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நேர் முன்னால் "ஒன்லி"யை வையுங்கள். பேச்சில் ஆங்கிலேயர்களே "ஐ ஒன்லி ஏட் டூ" என்பார்கள். குரலின் அழுத்தம் பொருளைக் காப்பாற்றிவிடும். தாளில் அழுத்தம் கிடையாது. நாம் பேசும்போது "டென் ரிங்கிட் ஒன்லி" என்று கடைசியில் போடுவோமே, அது "பத்து வெள்ளிதான்" என்பதன் நிழல். கடையில் சொல்லலாம், கட்டுரையில் வேண்டாம்.

"ஆல்மோஸ்ட்" பணத்தோடு சேரும்போது ஆபத்து அதிகம். "ஐ ஸ்பென்ட் ஆல்மோஸ்ட் எ ஹண்ட்ரட் ரிங்கிட்" என்றால் தொண்ணூற்றுச் சொச்சம் போய்விட்டது. "ஐ ஆல்மோஸ்ட் ஸ்பென்ட் எ ஹண்ட்ரட் ரிங்கிட்" என்றால் செலவழிக்கப் பார்த்தேன், காசு இன்னும் பையில் இருக்கிறது.

8. இரண்டு பக்கமும் பார்க்கும் சொல்

"ஸ்டூடன்ட்ஸ் ஹூ பிராக்டிஸ் ஆஃபன் கெட் குட் மார்க்ஸ்." அடிக்கடி பயிற்சி செய்பவர்களா? அடிக்கடி நல்ல மதிப்பெண் வாங்குபவர்களா? நடுவில் நின்று இரு பக்கமும் ஊசலாடும் சொல்லுக்கு நம் இலக்கணத்தில் தாப்பிசைப் பொருள்கோள் என்று மரியாதையான பெயரே உண்டு. செய்யுளில் அது அழகு. ஆங்கிலக் கட்டுரையில் குழப்பம். "ஆஃபன் பிராக்டிஸ்" என்றோ "வில் ஆஃபன் கெட்" என்றோ ஒரு பக்கமாக நகர்த்திவிடுங்கள்.

9. கை வைக்கக் கூடாத இடங்கள்

இந்தப் பாடம் முடிந்த வாரத்தில் மாணவர்கள் கண்ணில் படும் "இங்"கை எல்லாம் அடித்துத் தள்ளுவார்கள். அதுவும் வேண்டாம்.

"கிளைம்பிங் த ஸ்டெப்ஸ் ஈஸ் டயரிங்." இங்கே "கிளைம்பிங்" அடை அல்ல. "ஏறுவது" என்ற தொழிற்பெயர். அதுவே எழுவாய். காற்புள்ளி இல்லாததே அடையாளம்.

"கன்சிடரிங் த டிராஃபிக், வீ ஆர் ஏர்லி", "ஜெனரலி ஸ்பீக்கிங்", "அக்கார்டிங் டு" போன்றவை வழக்கில் ஊறிப்போனவை. யார் கருதினார்கள், யார் பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அறிவியல் பரிசோதனை அறிக்கையில் வரும் "யூசிங் எ தெர்மாமீட்டர், த டெம்பரேச்சர் வாஸ் ரெக்கார்டட்" என்பதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நான் அதை விட்டுவிடுவேன். அங்கே யார் அளந்தார் என்பது யாருக்கும் முக்கியமில்லை. கதையிலும் கடிதத்திலும் விடமாட்டேன்.

10. தேர்வில் எதை முதலில் பார்ப்பது

படிவம் 5 முடிவில் எழுதும் மலேசிய அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில், ஆங்கிலப் பாடத்தின் (குறியீடு 1119) எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள்: ஏறக்குறைய 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொல்லில் ஒன்று, 200 முதல் 250 சொல்லில் நீளமாக ஒன்று. மொத்தம் ஒன்றரை மணி நேரம். எல்லா வாக்கியத்துக்கும் அம்பு போட நேரம் இருக்காது.

கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, மூன்றாம் பகுதியில் "இங்", "ஆஸ்", "அட் த ஏஜ்", "ஹேவிங்" என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் பாருங்கள். காற்புள்ளியின் மேல் விரலை வைத்து, அடுத்து நிற்கும் பெயரைப் பாருங்கள். நேரம் மிச்சமிருந்தால் "விச்", "வித்" பக்கம் போகலாம்.

11. திருத்தியதை மறுபடி சோதியுங்கள்

ஓர் அடையை நகர்த்தினால் அது இன்னொன்றை இடித்துத் தள்ளக்கூடும். அதனால் திருத்திய வாக்கியத்துக்கும் புதிதாக அம்பு போடவேண்டும். இந்தப் படியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். திருத்திவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடுகிறது.

அந்தக் குரங்கு மாணவி மறுநாள் தாளைத் திருத்திக் கொண்டுவந்தாள். தலைப் பகுதி கச்சிதம்: "வைல் ஐ வாஸ் கிளைம்பிங் த ஸ்டெப்ஸ், எ மங்கி ஸ்னாட்ச்ட் த பனானாஸ் ஐ ஹேட் பாட் ஃப்ரம் அன் ஓல்ட் லேடி, ஹேங்கிங் ஃப்ரம் த ரெயிலிங்." வாசகம் அழகாக இருக்கட்டும் என்று பாட்டியிடம் பழம் வாங்கியதையும், குரங்கு கைப்பிடிக் கம்பியில் தொங்கியதையும் சேர்த்திருந்தாள். நான் பேனாவை எடுக்கவில்லை. வாய்விட்டுப் படி என்று மட்டும் சொன்னேன். "ஓல்ட் லேடி ஹேங்கிங்" வரை வந்தவள் சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ டீச்சர், பாட்டி கம்பியில தொங்குறாங்க."

பென்சிலை வாங்கி அவளே அம்பு போட்டாள். "எ மங்கி ஹேங்கிங் ஃப்ரம் த ரெயிலிங் ஸ்னாட்ச்ட் த பனானாஸ்" என்று மாற்றினாள். பாட்டியை அடுத்த வாக்கியத்துக்கு அனுப்பிவைத்தாள்.